இரண்டரை அங்குலம்

எங்கள் தெருவில் அவருக்கு முத்திரை என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அலுவலகக் கோப்புகளில் இருக்கக்கூடும். அதைச் சொல்லிக் கூப்பிட்டு யாரும் அவரைத் திரும்பிப் பார்க்க வைத்ததில்லை. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது அவர் வேலை. சரியாக இல்லாவிட்டால் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நோட்டீஸ் எழுதுவது அவருடைய இன்பம். வேலையையும் இன்பத்தையும் ஒரே இடத்தில் பெற்ற பாக்கியசாலிகள் உலகில் கொஞ்சம் பேர்தான். அவர்களை அண்டை வீட்டுக்காரராகப் பெற்றவர்கள் அதைவிடக் கொஞ்சம் பேர்.

கடை திறக்காத நாட்களில் அவர் தம் வீட்டைத் திருத்துவார். ஆள் வைக்க மாட்டார். கூலிக்காக அல்ல, கொள்கைக்காக. "நாலு பேருக்கு அளவு சொல்றவன் வீட்டுக்குள்ள இன்னொருத்தன் டேப் பிடிச்சுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?" என்பார். இதில் தம் மனைவியின் அண்ணனுக்கு ஒரு குத்து உண்டு. அவர் மேஸ்திரி. ஊரில் பாதி வீட்டுக்குத் தரை போட்டவர். தங்கை வீட்டில் மட்டும் ஓர் ஆணி அடிக்க அவருக்கு அனுமதி கிடைத்ததில்லை.

முத்திரையின் அளவு ஒருநாளும் தப்பியதில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவர் செய்யும் பொருள்தான் தப்பும். குளியலறையில் சோப்பு வைக்க ஒரு தட்டு பதித்தார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி நட்டநடுவில் நிற்கும், அவ்வளவு மட்டம். அவ்வளவு மட்டமாக இருந்ததால் தண்ணீர் எந்தப் பக்கமும் வடியாது. சோப்பு அதிலேயே ஊறிக் கூழாகிவிடும். படுக்கையறை அலமாரி சுவரோடு ஒட்டி, கோடு போட்டாற்போல் நிற்கும். அதன் கதவைத் திறக்க வேண்டுமானால் கட்டிலில் படுத்திருப்பவர் எழுந்து வெளியே போக வேண்டும். அந்த வீட்டில் உபயோகமாக இருந்தவை எல்லாம் அவர் இன்னும் தொடாதவை. சமையலறை அந்தப் பட்டியலில் பத்தொன்பது வருடம் தாக்குப்பிடித்தது. அங்கே அவர் கைவைத்தது ஒரு பரண் கட்டும்போது மட்டும்தான். அதுவும் தாம் தலை இடிக்காமல் நிற்கத் தோதாக, தம் உச்சந்தலைக்கு அரை அங்குலம் மேலே.

மனைவி ஒரு மீன் பதனிடும் கம்பெனியில் குளிர் அறைக்குப் பொறுப்பாளர். நாள் முழுக்கப் பனிக்கட்டிக்கு நடுவே நின்றுவிட்டு வந்து அடுப்புக்கு முன் நிற்பார். உடம்பு அதை ஒரு மாதிரி நியாயமாக எடுத்துக்கொண்டதாகவே தெரிந்தது. ஆனால் ஒரு மாலை, காய் நறுக்கிக்கொண்டே, "முதுகு பிடிச்சுக்குது" என்று சொல்லிவிட்டார். சாதாரணக் கணவனாக இருந்தால் ஒரு தைலத்தை எடுத்து நீட்டியிருப்பான், அல்லது காதில் வாங்காமல் இருந்திருப்பான். இரண்டுமே குடும்பத்துக்கு நல்லது. இவர் டேப்பை எடுத்தார்.

"மேடை தாழ்வு. அதான் குனியறே" என்றார்.

"பத்தொன்பது வருஷமா இதே மேடைதான். இன்னிக்கு வலிக்குது, நாளைக்குச் சரியாப் போயிடும்."

"அது எப்படி? தப்பு தப்புதானே."

எங்கோ படித்திருந்தார்: முழங்கையிலிருந்து நாலு அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். மறுநாள் மனைவி வேலை முடிந்து வந்து வாசலைத் தாண்டியதுமே, "அப்படியே நில்லு. அசையாதே. கையை மடக்கு" என்று அளந்தார். மூன்று தடவை அளந்து மூன்றையும் எழுதி வைத்தார். மூன்றும் ஒன்றாகவே இருந்தன. அதில் அவருக்கு ஏற்பட்ட பெருமிதத்தில், மனைவி காலில் கம்பெனி பூட்ஸ் இருப்பதைக் கவனிக்கவில்லை. குளிர் அறையில் கால் விறைக்காமல் இருக்க அதன் அடிப்பாகம் செங்கல் மாதிரித் தடிப்பாக இருக்கும். உள்ளே இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை வேறு. பூட்ஸ் தொலைந்தால் அவரவர் பொறுப்பு என்று கம்பெனி சொல்லிவிட்டதால், எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டேதான் வீடு திரும்புவார்கள். ஆக மொத்தம் இரண்டரை அங்குலம்.

அந்தம்மாவும் சொல்லவில்லை. கேட்டால், "அளக்கறவருக்குக் கண்ணு இல்லையா?" என்பார். நியாயம்தான். ஆனால் அசையாமல் நின்றவரின் காலில்தானே பூட்ஸ் இருந்தது என்று கேட்பதும் நியாயம்தான். இந்த வீட்டில் நியாயத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

மூன்று வாரம் தூசி. பழைய மேடையை உடைத்தார், செங்கல் வைத்தார், கருங்கல் பலகை பதித்தார். முடிந்ததும் ரசமட்டத்தை அதன் மேல் வைத்துவிட்டு, தெருவில் போனவர்களைக் கூப்பிட்டுக் குமிழியைக் காட்டினார். குமிழி நடுவில்தான் இருந்தது. மனைவி வெறுங்காலோடு வந்து அடுப்பைப் பற்றவைத்தார். பாத்திரத்தை ஏற்றினார். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கக் கால்விரலில் எழும்ப வேண்டியிருந்தது. கிளறுவதற்கு முழங்கையைத் தோளுக்குச் சமமாகத் தூக்க வேண்டியிருந்தது. கத்தியை அழுத்தினால் பலம் இறங்கவில்லை. வெங்காயம் உருண்டு போய்ச் சுவரோடு ஒண்டிக்கொண்டது.

"என்னங்க, இது எனக்கு உசரமா இருக்கு."

"இருக்காது."

"இருக்கு. தோள் கடுக்குது."

"மூணு தடவை அளந்தேன். நீ நிக்கிற விதம் சரியில்லை."

நாலாவது நாள், அந்தம்மா பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து மேடை முன் நின்றார். எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. இருவரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தார்கள்.

கடையில் பத்து கிராம் குறைந்தால் நோட்டீஸ் எழுதும் மனிதர், அந்தக் காலணியை ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்போ இதைப் போட்டுக்கிட்டே சமையேன். ஈரத்துல வழுக்காது. நல்லதுதானே."

மனைவி பூட்ஸைக் கழற்றினார். அடுப்பை அணைத்தார்.

"'தப்பா அளந்துட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மேடையை இடிக்கக்கூட வேணாம். சொல்லிட்டீங்கன்னா நான் முக்காலி போட்டு ஏறி நின்னாவது சமைச்சுக்கிறேன். சொல்ற வரைக்கும் இந்த அடுப்பு உங்களோடது."

ஒரே ஒரு வாக்கியம். இரண்டே சொல். கல்யாணமான நாளிலிருந்து அவர் அதைச் சொன்னதில்லை. சொல்லத் தேவைப்பட்டதில்லை என்பது அவர் கட்சி. அந்தம்மாவுக்கோ மேடை ஒரு பொருட்டே இல்லை. சோப்புத் தட்டு, அலமாரி, பரண், அத்தனைக்கும் சேர்த்து அந்த ஒரு வார்த்தை வேண்டும். அதை வாங்காமல் கரண்டியைத் தொடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

இப்படியாக முத்திரை சமைக்க ஆரம்பித்தார். மேடை அவருக்கும் தோதாக இல்லை, அவர் நெட்டை. அவர் தம் அளவுக்கும் கட்டவில்லை, மனைவி அளவுக்கும் கட்டவில்லை, ஒரு ஜோடி பூட்ஸின் அளவுக்குக் கட்டியிருந்தார். ஆனால் சமையல் என்பது நிறுத்துப் போட்டால் வரக்கூடியது என்று அவர் திடமாக நம்பினார். அலுவலகத்திலிருந்து பழைய எடைக்கற்களைக் கொண்டுவந்தார். அரிசி இருநூறு கிராம். பருப்பு அறுபது. உப்பை மருந்துக் கடைத் தராசில் நிறுத்தார். நிறுத்தது எதுவும் வீணாகக் கூடாதென்று தராசுத் தட்டை விரலால் வழித்துப் போட்டார். முட்டை ஒன்றுக்கொன்று எடை மாறுவது அவரை மிகவும் பாதித்தது. கோழிகளுக்கு நோட்டீஸ் அனுப்ப வழியில்லை.

மனைவி தட்டின் முன் உட்கார்ந்து, போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மதியம் கம்பெனி கேன்டீனில் நன்றாகக் கட்டு கட்டியிருப்பார் என்பதால் அது முடிந்தது.

"எப்படி இருக்கு?" என்று அவர் கேட்பார்.

"எடை சரியா இருக்கு."

இந்தப் பதிலை அவர் முதல் வாரம் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி அண்ணன் வந்தார். மைத்துனர் ஒருவர் கருகிய உருளைக்கிழங்கைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருக்கும் காட்சி, வேலை தெரிந்த ஒருவருக்குத் தரக்கூடிய ஆனந்தம் அத்தனையும் அவர் முகத்தில் இருந்தது. ஆனாலும் தங்கைக்காக நாக்கை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"மாப்பிள்ளை, ஒரு நாள் வேலை. ரெண்டு பேர் வந்தா பலகையை அலுங்காம எடுத்து, ரெண்டரை இஞ்ச் இறக்கி வச்சிடலாம். யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதுன்னா என்ன அர்த்தம் மச்சான்? தப்பு இருந்தாத்தானே மறைக்கணும்."

"தப்பு இல்லையா?"

"மேடையில தப்பில்லை."

"பின்ன எதுல மாப்பிள்ளை? தங்கச்சி உசரத்துலயா?"

முத்திரை உருளைக்கிழங்கை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மேடைக்கும் தரைக்கும் நடுவில் உள்ள தூரம்தான் உயரம். அந்தத் தூரம் தவறென்றால் குற்றவாளி மேலே இருப்பவராகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி ஒரு நூல் விலகி நின்றது. கட்டிய காலத்திலிருந்தே எல்லாச் சமையலறைத் தரையும் தண்ணீர் வடியக் கொஞ்சம் சரிவாகத்தான் இருக்கும்.

"பாத்தீங்களா" என்றார் முத்திரை. "தரை பள்ளம்."

அண்ணன் அன்று சாப்பிடாமலே போனார். சாப்பாடு அப்படி.

அடுத்த சனிக்கிழமை காலை வாசலில் செங்கல் ஜல்லி வந்து இறங்கியது. ஒரு மனிதர் இரண்டு சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்காக ஒரு வண்டி ஜல்லி வாங்கியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவரே சுமந்தார், அவரே கலந்தார், அவரே இரண்டரை அங்குலத்துக்குத் தரையைத் தூக்கினார். மண்டியிட்டு டைல்ஸ் ஒட்டினார். முழங்காலில் தோல் உரிந்தது. இடுப்பு நிமிரவில்லை. மனைவி ஹாலில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை அவர் முனகும்போதும் தலையைத் தூக்காமல், "ரெண்டே வார்த்தைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தரை உயர்ந்தது. அதோடு வேறு சிலவும் நடந்தன. சமையலறைக் கதவு உள்ளே திறக்க மறுத்தது. அடியில் அறுக்க வேண்டியதாயிற்று. மேடைக்குக் கீழிருந்த அலமாரிக் கதவுகளையும் அறுத்தார். அவர் கட்டிய பரண் இப்போது அவர் நெற்றிக்கு நேராக வந்துவிட்டது. நாளுக்கு இரண்டு முறை அதில் மோதுவார். ஒவ்வொரு தடவையும் பரணையே கோபமாகப் பார்ப்பார். தண்ணீர் போகும் ஓட்டை டைல்ஸுக்கு அடியில் நிம்மதியாகப் புதைந்துகிடந்தது. ஒரு பாத்திரம் கவிழ்ந்தால் தண்ணீர் படியிறங்கி ஹாலுக்கு வந்து, விருந்தாளி மாதிரி நடுவில் நின்றது. "சிந்தாம சமைக்கப் பழகணும்" என்றார் முத்திரை. சமைப்பவர் அவர்தான் என்பதை மறந்துவிட்டார்.

வேலை முடிந்த அன்று, "இப்போ வந்து நில்லு" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்தம்மா வெறுங்காலோடு ஏறி நின்றார். கையை மடக்கிப் பார்த்தார். கரண்டியைப் பிடித்துப் பார்த்தார். முதுகும் குனியவில்லை, தோளும் தூக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் அப்படி ஓர் உயரம் அவருக்கு வாய்த்ததில்லை. மனிதருக்கு இதைப் போன்ற சங்கடம் வேறில்லை: எவ்வளவு தவறான காரணத்துக்காகச் செய்தாலும் சில காரியங்கள் சரியாக அமைந்து தொலைக்கின்றன.

"சரியாத்தான் இருக்கு" என்றார் அந்தம்மா. பொய் சொல்லத் தெரியாதவர்.

"பாத்தியா. மேடை சரி. தரைதான் தப்பு. இனிமே சமை."

"தரையைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலையே. நீங்க அளந்ததைப் பத்தித்தான் கேட்டேன்."

கரண்டியை மேடைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுப்பு கைமாறி நாற்பத்தோராம் நாள், அண்ணன் தரையைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஊரெல்லாம் இந்தத் தரை பேச்சாகிவிட்டது. தொழில் தெரிந்தவர் பார்க்காமல் இருக்க முடியுமா? அண்ணனுக்குக் கணவர் சமையலைப் போட அந்தம்மாவுக்கு மனம் வரவில்லை. "இது அண்ணனுக்கு மட்டும். இதை வச்சு ஒண்ணும் முடிவாயிடுச்சுன்னு நினைக்காதீங்க" என்று எச்சரித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். மீன் வறுத்தார், பருப்பு வேகவைத்துத் தாளித்தார், கீரை கடைந்தார். தராசைத் தொடவில்லை. எல்லாம் கைப்பிடி அளவு, கண் அளவு. வாசம் தெருக்கோடி வரை போனது.

அண்ணன் வந்ததும் சாப்பிட உட்காரவில்லை. சமையலறை வாசலில் நின்று தரையைப் பார்த்தார், படியைப் பார்த்தார், அறுபட்ட கதவைப் பார்த்தார், மைத்துனரின் நெற்றியில் இருந்த வீக்கத்தைப் பார்த்தார்.

"மேடையை இறக்கச் சொன்னேன். நீங்க வீட்டையே தூக்கிட்டீங்க."

"சரியா வந்திருக்கு இல்ல?"

"தண்ணி எங்க போகும்?"

"உக்காருங்க மச்சான். சாப்பாடு ஆறுது."

மூவரும் உட்கார்ந்தார்கள். அந்தம்மா பரிமாறினார். அண்ணனுக்கு முதலில், பிறகு தமக்கு. கணவர் தட்டு காலியாகவே இருந்தது. அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தம்மா நிதானமாகச் சொன்னார்: "அண்ணன் முன்னால கேக்கறேன். ரெண்டு வார்த்தை. சொல்லிட்டா இன்னியோட எல்லாம் முடிஞ்சுது. நாளையிலேருந்து நானே சமைக்கிறேன். இல்லேன்னா அந்தத் தரை மேல நீங்களே ஆயுசுக்கும் நில்லுங்க."

அண்ணன் மீனை எடுத்த கையை நிறுத்திக்கொண்டார். இவ்வளவு நல்ல நாற்காலியில் உட்கார்ந்து இவ்வளவு நல்ல காட்சியைப் பார்க்க அவருக்குக் கொடுப்பினை இருந்திருக்கிறது.

முத்திரை எட்டி, பருப்பில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். பசியால் என்றுதான் மற்ற இருவரும் நினைத்தார்கள். அவர் கண் கொஞ்சம் சுருங்கியது. சந்தேகத்துக்கிடமான தராசுக்கு முன் நிற்கும்போது அப்படித்தான் சுருங்கும். இன்னொரு தடவை தொட்டு வைத்தார். மூன்றாவது தடவையும். பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"தப்பா அளந்துட்டேன்" என்றார்.

அகப்பை நின்றது.

"பூட்ஸைப் பாக்கல. பாத்திருக்கணும். தப்பு என்னுது. தரையும் வேணாத வேலை. மச்சான் சொன்னப்பவே மேடையை இறக்கியிருக்கலாம்."

கேட்டது இரண்டு சொல். கிடைத்தது ஒரு மூட்டை. அந்தம்மாவின் முகம் மலர்வதற்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பாவம், அவர் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக மலர்ந்திருக்கலாம்.

"ஆனா ஒண்ணு" என்று முத்திரை தொடர்ந்தார். "நாப்பது நாளா உப்பை நிறுத்துப் போட்டுச் சாப்பிட்டிருக்கேன். இப்போ நாக்கு சுத்தமா இருக்கு. அதனால சொல்றேன். உன் கையில உப்பு ஜாஸ்தி."

"என்னது?"

"இன்னிக்கு மட்டும் இல்ல. கல்யாணம் ஆன நாள்லேருந்து. ஒன்றரை மடங்கு இருக்கும்."

தம் குறையை ஒப்புக்கொள்ள அந்த மனிதருக்கு இன்னொருவர் குறை கையில் இருக்க வேண்டியிருந்தது. பிடிமானம் இல்லாமல் அவரால் குனிய முடியாது. எப்போதுமே அப்படித்தான் இருந்திருப்பார், நமக்குத்தான் தெரியவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்று அந்தம்மா கேட்டார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எதுக்குச் சொல்லணும்? கடைக்குத்தானே முத்திரை குத்தறேன். வீட்டுக்கா?"

இதைவிட அன்பான ஒரு வாக்கியத்தை அவர் தம் வாழ்நாளில் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். இதைவிட மோசமான நேரத்திலும் சொன்னதில்லை.

அந்தம்மா மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினார். மாதம் தவறாமல் அந்த வீட்டில் சாப்பிட்டவர். ஒவ்வொரு தடவையும் தட்டை வழித்துவிட்டு, தங்கை கைப்பக்குவம் யாருக்கும் வராது என்று சொல்லிவிட்டு, வாசல் தாண்டியதும் எங்கள் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறவர்.

"அண்ணே. நீ சொல்லு. உப்பு ஜாஸ்தியா?"

மேஸ்திரி தட்டைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்வையைக் கொண்டுபோய், தரையில் நிறுத்தினார்.

"டைல்ஸ் ஜாயின்ட் எல்லாம் நல்லா வந்திருக்கு மாப்பிள்ளை" என்றார். "ஒரு கோடு விலகல. நானே போட்டிருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும்."

அந்த வீட்டில் முத்திரையின் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. கேட்டவர் எவருக்கும் சந்தோஷம் வரவில்லை.

அந்தம்மா சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் மாலை கம்பெனியிலிருந்து வந்து, பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, படியேறி அடுப்பைப் பற்றவைத்தார். அன்றைய சமையலில் ஓர் உப்புக்கல்கூட இல்லை. கணவருக்கு முன் தட்டை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி அங்கேயே நின்றார், ஏதாவது சொல்லட்டும் என்று.

அவர் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.